திரும்பி வரும் பாத்திரம்

கடைக்குப் புறப்படும்போது ஒரு துணிப்பையும், எண்ணெய்க்கு ஒரு தூக்கும் கையில் எடுத்துக்கொள்வது, ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் யாரும் சொல்லித் தர வேண்டாத வழக்கமாக இருந்தது. கடைக்காரர் படியாலும் உழக்காலும் அளந்து போடுவார். பொட்டலமாக வேண்டுமென்றால் பழைய தாளிலோ மந்தார இலையிலோ மடித்து, நூலைச் சுற்றித் தருவார். தாள் அடுப்பு மூட்டப் பயன்படும். இலை எருக்குழிக்குப் போகும். தூக்கு அடுத்த வாரம் மறுபடியும் கடைக்கே போகும். இன்று நாம் பேரங்காடிக்குள் வெறுங்கையோடு நுழைகிறோம். வாங்கியவற்றை வீட்டில் பிரித்து வைத்தபின் பார்த்தால், டப்பாக்களில் இருக்கும் பொருளுக்கு ஈடாகக் குப்பைக்கூடையில் உறைகள் நிறைந்திருக்கின்றன.

இனி வரும் பேரங்காடிகளில் இந்த நிலை மாறும் என்று பல நாடுகளில் இப்போது பேசப்படுகிறது. உறையில்லாமல் பொருளை வாங்கி, நம் பாத்திரத்தில் நிரப்பிக்கொள்வது ஒரு முறை. கடையின் பாத்திரத்திலேயே வாங்கிச் சென்று, காலியானதும் திருப்பித் தருவது மற்றொரு முறை. இரண்டும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும், "நம் முன்னோர் செய்ததுதானே, மீண்டும் செய்துவிடலாம்" என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடாது. பாத்திரம் கடையிலிருந்து வீட்டுக்கு வருவது எளிது. வீட்டிலிருந்து கடைக்குத் திரும்புவதுதான் அரிது. அந்தத் திரும்பும் வழி எவ்வாறு அமைய வேண்டும் என்பதையே இங்கு ஆராய்வோம். பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொண்டு பேசுவது நல்லது. ஆதலின் ஹனூரை எடுத்துக்கொள்வோம்.

ஹனூர், கருநாடக மாநிலத்தின் தென்பகுதியில், கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997 இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் அடங்கியது. அதற்கும் முன்பு, 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மொழிவழி திருத்தப்படும் வரை, கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுள், பிழைப்பு நாடிப் பெயர்ந்து வந்தவர்களும் உண்டு. இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு தம்மைக் கடந்து போனவர்களும் உண்டு.

ஹனூரைத் தாண்டிச் செல்லும் சாலை காட்டினூடே ஏறி, மாதேஸ்வரன் மலையைத் தொட்டு, பாலாற்றுப் பக்கம் இறங்கி மேட்டூரை அடைகிறது. மலைக்கோயிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் அடியார்கள் வருகிறார்கள். சிவராத்திரி, தீபாவளி, யுகாதி நாட்களில் கூட்டம் பெருகும். சுற்றிலும் உள்ள காடு யானைகள் நடமாடும் காடு. 2013 இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெருநகரத்தில் எறியப்படும் உறையைப் பொறுக்கி எடுப்பவர் ஒருவர் இருப்பார்; வாங்குவதற்கு ஒரு பழைய சாமான் கடையும் இருக்கும். மலைச்சாலையில் எறியப்படும் உறைக்கு அப்படி ஒரு கதி இல்லை. அது மண்ணில் புதையும். அல்லது ஓடை வழியே ஆற்றுக்குப் போகும். அல்லது, உணவின் மணம் ஒட்டியிருப்பதால், மாட்டின் வயிற்றுக்கோ மானின் வயிற்றுக்கோ போகும்.

அரசாங்கம் இதைக் காணாமல் இல்லை. 2016 மார்ச்சில் கருநாடக அரசு பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், குவளைகள், கரண்டிகள் முதலியவற்றை மாநிலம் முழுவதும் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து இவ்வகைத் தடை நடப்புக்கு வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கப்பெற்றது. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து, ஒரு முறை மட்டும் பயன்படும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை ஏற்பட்டது. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி வரும் எண்ணெய் உறை, சோப்புத்தூள் உறை, ஷாம்பு உறை ஆகியவற்றை இத்தடைகள் நடைமுறையில் அகற்றிவிடவில்லை. பையை மாற்றிவிட்டோம், பையினுள் இருப்பவை மாறவில்லை.

அவை ஏன் மாறவில்லை? உறை என்பது வெறும் குப்பையாக இருந்தால் என்றோ மறைந்திருக்கும். அது சில வேலைகளைச் செய்கிறது, அதனால்தான் நிலைத்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, பேரங்காடி பிறந்த கதையைச் சற்று நோக்க வேண்டும்.

1916 இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் "பிக்லி விக்லி" என்ற கடையைத் திறந்தார். வாங்குவோர் தாமே உள்ளே நடந்து, தாமே பொருளை எடுத்து, வாயிலில் பணம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது அந்தக் கடையின் புதுமை. நம் நாட்டில் 1966 இல் தில்லியில் "சூப்பர் பஜார்" என்னும் கூட்டுறவு அங்காடி தோன்றியது. பெங்களூரில் 1971 இல் "நீல்கிரிஸ்" பேரங்காடி அமைந்தது. இதன் தொடக்கம் நம்மவர் நினைத்துப் பார்க்கத் தக்கது. 1905 இல் முத்துசாமி முதலியார் என்பவர் நீலகிரியில் வெண்ணெய் வணிகமாகத் தொடங்கிய தொழில், 1936 இல் பெங்களூர் பிரிகேட் சாலைக்கு வந்து, பிறகு பேரங்காடியாக வளர்ந்தது.

கடைக்காரர் எடுத்துக் கொடுக்காத கடையில், அவர் செய்த வேலைகளை யாராவது செய்தாக வேண்டும் அல்லவா? அவற்றை உறை ஏற்றுக்கொண்டது. அளந்து வைப்பது உறை. ஈரமும் எறும்பும் அண்டாமல் காப்பது உறை. இது என்ன பொருள், எங்கே செய்தது, எப்போது செய்தது, என்ன விலை என்று சொல்வதும் உறை. கைக்கு அடக்கமாகச் சுமந்து செல்ல உதவுவதும் உறையே. அளத்தல், காத்தல், அறிவித்தல், சுமத்தல் ஆகிய இந்நான்கையும் செய்கிற ஒன்றை நீக்க வேண்டுமானால், இந்நான்குக்கும் வேறு ஏற்பாடு செய்துவிட்டே நீக்க வேண்டும். துணிப்பை நான்காவது வேலையை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் அது தனியே நின்று வெற்றி பெற முடிவதில்லை.

ஐந்தாவதாக ஒரு வேலையும் உண்டு. அது நம் நாட்டில் முக்கியமானது. சிறிய அளவில் வாங்குவோருக்குப் பொருளை எட்டச் செய்வது அது. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறையை நம் நாட்டில் பரப்பியவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983 இல் தொடங்கிய தொழில், "சிக்" ஷாம்பு உறையைச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை கொண்டு சேர்த்தது. அன்றாடக் கூலி வாங்குபவர் ஒரு புட்டி ஷாம்புவுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்க இயலாது. ஓர் உறைக்குக் கொடுக்க இயலும். இதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சிறு உறை, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய பல மெல்லிய தாள்களால் ஆனது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதால், அதை உருக்கிப் புதிய பொருள் செய்வது மிகக் கடினம். பழைய சாமான் வாங்குவோரும் அதைத் தொடுவதில்லை. ஏழையின் சௌகரியத்துக்காக வந்த பொருள், ஏழையின் தெருவிலேயே குப்பையாகக் கிடக்கிறது.

ஆகவே வருங்காலப் பேரங்காடியைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: அந்தக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு இடம் உண்டா? பளபளக்கும் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்து, வசதி படைத்தோர் மட்டும் வந்து நிரப்பிச் செல்வதாக இருந்தால், ஹனூர் போன்ற ஊர்களில் ஓர் உறைகூடக் குறையப் போவதில்லை.

இனி, திரும்பி வரும் பாத்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். கண்ணாடிப் புட்டி கனமானது. அதைச் செய்ய மிகுந்த வெப்பம் வேண்டும். ஏற்றிச் செல்ல எரிபொருள் வேண்டும். கழுவுவதற்கு வெந்நீரும் சோடாக் காரமும் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறையோ சில கிராம் எடையே உள்ளது. ஆகவே ஒரு முறை பயன்படுத்தி எறியப்படும் கண்ணாடிப் புட்டி, உறையைக் காட்டிலும் நல்லது என்று சொல்ல முடியாது. புட்டியின் நன்மை அது எத்தனை முறை சுற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது.

நூறு புட்டிகளை அனுப்பினால் ஒவ்வொரு முறையும் ஐம்பது மட்டும் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு புட்டி சராசரியாக இரண்டு முறைதான் பயன்படும். தொண்ணூறு திரும்பினால் பத்து முறை பயன்படும். தொண்ணூற்றைந்து திரும்பினால் இருபது முறை! தொண்ணூற்றிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறுவது சிறிய படிபோலத் தோன்றுகிறது. ஆனால் புட்டியின் ஆயுள் இரு மடங்காகிவிடுகிறது. வெற்றியும் தோல்வியும் பாத்திரத்தின் அழகில் இல்லை, எத்தனை பேர் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்பதில் இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கைவிட வேறு சான்று வேண்டாம்.

மக்கள் திருப்பிக் கொண்டுவருவார்களா? ஹனூருக்குத் தொலைவில் இல்லாத நீலகிரியிலேயே இதற்கு விடை கிடைத்தது. காட்டிலும் சாலையோரத்திலும் வீசப்படும் மதுப்புட்டிகள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின்முன் வந்தது. நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை ஒட்டி, 2022 மே மாதத்தில் நீலகிரி மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு புட்டிக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கப்படும். காலிப் புட்டியைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. குடிப்பவரின் நல்லொழுக்கத்தை நம்பி அத்திட்டம் ஏற்பட்டதன்று. பத்து ரூபாயை நம்பி ஏற்பட்டது. ஒருவர் எறிந்துவிட்டாலும், அதைப் பொறுக்கி எடுத்துப் பத்து ரூபாய் பெற வேறொருவர் இருப்பார். காட்டைக் காக்க ஆயிரம் அறிவிப்புப் பலகைகள் செய்யாததை ஒரு சிறு முன்பணம் செய்தது.

முன்பணத்தோடு சுற்றும் பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் சமையலறைகளிலேயே இருக்கிறது. 1965 அக்டோபரில் கல்கத்தாவில் "இண்டேன்" எரிவாயுவின் முதல் இணைப்பு வழங்கப்பட்டது. இன்று நாட்டில் முப்பது கோடிக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகள் உள்ளன. 14.2 கிலோ எரிவாயு தீர்ந்ததும் உருளையை யாரும் குப்பையில் போடுவதில்லை; வாயிலில் வைக்கிறோம்; நிறைந்தது வருகிறது, வெற்றுருளை போகிறது. நமக்கு வரும் உருளை நாம் கொடுத்த அதே உருளை அன்று. அதைப் பற்றி நாம் கவலைப்படுவதுமில்லை. எல்லா உருளையும் ஒரே அளவு, ஒரே திறப்பு. அதன் கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்து ஒன்றும் ஆண்டின் எண்ணும் குறித்திருப்பதைக் காணலாம். அடுத்த சோதனை எந்த ஆண்டில், எந்தக் காலாண்டில் என்பதை அது சொல்கிறது. "ஏ" என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. "டி" என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சுற்றும் பாத்திரத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இந்த உருளையில் அடங்கியிருக்கிறது: பொதுவான வடிவம், முன்பணம், வீட்டு வாயில் வரை வரும் வழி, காலம் தவறாத சோதனை.

கோலி சோடாப் புட்டி வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 1872 இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் உரிமை பெற்ற வடிவம் அது. அங்கேயே குடித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவதால், புட்டி பெரும்பாலும் கடையை விட்டுப் போவதேயில்லை. வழி எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு நிச்சயமாகப் பாத்திரம் திரும்பும் என்பது அதன் பாடம்.

தில்லியில் வாழும் நம்மவர் இன்னொன்றை அறிவர். 1949 இல் பம்பாய் ஆரே பால்பண்ணையும், 1959 இல் தொடங்கிய தில்லிப் பால் திட்டமும் கண்ணாடிப் புட்டியில் பால் வழங்கின. பிளாஸ்டிக் உறை வந்ததும் புட்டி மறைந்தது. ஆனால் 1974 இல் தோன்றிய மதர் டெய்ரி, பெரிய தொட்டியில் பாலைக் குளிர்வித்து வைத்து, வாங்குவோர் கொண்டுவரும் பாத்திரத்தில் இயந்திரத்தின் வழியே அளந்து ஊற்றும் முறையைக் கொண்டுவந்தது. "டோக்கன் பால்" என்று வழங்கும் அது இன்றும் நடைபெறுகிறது. வருங்காலப் பேரங்காடியில் காணப்போவதாகச் சொல்லப்படும் நிரப்பும் இயந்திரம், உண்மையில் ஐம்பது ஆண்டுகளாகத் தில்லித் தெருமுனையில் நின்றுகொண்டிருக்கிறது.

இவ்வளவு சொல்லியபின், மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உறையின்றி விற்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதற்கு நம் நாடு பெருவிலை கொடுத்திருக்கிறது. 1998 ஆகஸ்டில் தில்லியில் கடுகெண்ணெய் உண்ட குடும்பங்களில் பலருக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்ததே காரணம். அதே ஆண்டு, உண்ணும் எண்ணெயை உறையிட்டு, பெயரும் நாளும் குறித்தே விற்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகளும், மாநில அரசு விலக்களித்தாலன்றி, எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதைத் தடுக்கின்றன. ஆகவே, "பேரங்காடியில் ஒரு குழாயைத் திருகித் தூக்கில் எண்ணெய் பிடித்துக்கொள்வோம்" என்பது கேட்க இனிமையாக இருப்பினும், அதற்குள் நுழையுமுன் நம்பிக்கைக்கு ஒரு முத்திரை வேண்டும். எண்ணெய்க்கு ஏற்ற முறை, ஆலையிலேயே நிரப்பி முத்திரையிட்டு வந்து, காலியானபின் ஆலைக்கே திரும்பிப் போகும் புட்டிதான். அதில் பெயரும் நாளும் இருக்கும், குப்பையும் இராது.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகக் காண்போம். ஜெர்மனியில் மீண்டும் நிரப்பும் புட்டிகளுக்குச் சிறு முன்பணம் வாங்குவது நெடுங்கால வழக்கம். பீர் புட்டிக்கு எட்டு சென்ட் என்பது பொதுவான அளவு. 2003 முதல், ஒரு முறை மட்டும் பயன்படும் புட்டிகளுக்கும் டப்பாக்களுக்கும் அங்கே முன்பணம் கட்டாயமாயிற்று. அது இருபத்தைந்து சென்ட். தாதுநீர் விற்கும் நிறுவனங்கள் பல ஒன்றுகூடி 1969 இல் ஒரே வடிவமுள்ள கண்ணாடிப் புட்டியை ஏற்றுக்கொண்டன. போட்டி நிறுவனங்களாயினும் புட்டி பொது. எந்த நிறுவனத்தின் புட்டி எந்தக் கடைக்கு வந்தாலும், அருகில் உள்ள ஆலை அதைக் கழுவி நிரப்பலாம். அத்தகைய புட்டி ஐம்பது முறை வரை சுற்றுகிறது. பிரான்சு 2021 இல் இயற்றிய சட்டம், நானூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளில் 2030 க்குள் விற்பனை இடத்தின் ஐந்தில் ஒரு பங்கை உறையில்லாப் பொருள்களுக்கு ஒதுக்க வேண்டுமென இலக்கு வைத்தது.

தோல்வியிலும் பாடம் உண்டு. பிரிட்டனில் டெஸ்கோ என்னும் பேரங்காடி 2021 இல் பத்துக் கடைகளில், திருப்பித் தரும் பாத்திரங்களில் பல பொருள்களை விற்கும் சோதனையைத் தொடங்கியது. பாத்திரங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் அச்சோதனை 2022 இல் முடிவுக்கு வந்தது. பத்துக் கடைகளில் வாங்கியதைப் பதினோராவது கடையில் கொடுக்க முடியாதென்றால், வழி பாதியில் நின்றுவிடுகிறது. சுற்றும் பாத்திரம் ஒரு கடையின் சரக்காக இருந்தால் பிழைப்பது கடினம். அது ஊரின் சொத்தாக, நாட்டின் சொத்தாக இருந்தால் பிழைக்கும்.

இப்போது மீண்டும் ஹனூருக்கு வருவோம். அங்கே இத்தகைய கடை ஒன்று அமையுமானால் எதிலிருந்து தொடங்கலாம்? உண்ணாத பொருள்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை என்று நமக்குத் தோன்றுகிறது. துணி துவைக்கும் திரவம், பாத்திரம் துலக்கும் திரவம், தரை கழுவும் திரவம், ஷாம்பு ஆகியவை பெரிய கொள்கலத்தில் வந்து, நம் புட்டியில் அளந்து விழலாம். கெட்டுப்போகும் அச்சம் இதில் குறைவு. ஐந்து ரூபாய்க்கு வேண்டுவோருக்கு ஐந்து ரூபாய் அளவே விழச் செய்வது இயந்திரத்துக்கு எளிது. சிறு உறை எந்தக் கருணையைக் காட்டியதோ, அதே கருணையை உறை இல்லாமலே காட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை: விலை உறையில் இருப்பதைவிடக் கூடக் கூடாது. நம் நாட்டில் ஷாம்புவைப் புட்டியில் வாங்குவதைக் காட்டிலும் சிறு உறைகளில் வாங்குவது மலிவாக இருப்பது உண்டு. அந்தக் கணக்கு மாறாதவரை, எந்த இயந்திரத்தை வைத்தாலும் மக்கள் உறையையே நாடுவர். அவர்களைக் குறை சொல்வதும் தகாது.

அடுத்தது பருப்பும் அரிசியும் சர்க்கரையும். இதற்கு முன்மாதிரி நியாயவிலைக் கடை. மூட்டையிலிருந்து எடுத்து, நம் பையில் நிறுத்துப் போடும் கடைகளில் அதைவிடப் பரந்த அமைப்பு நம் நாட்டில் வேறில்லை. மூட்டையும் பெரும்பாலும் சணல் மூட்டை; உணவுத் தானியத்தைச் சணலில் கட்ட வேண்டுமென்ற சட்டம் 1987 இல் இயற்றப்பட்டது. இங்கே வாங்குவோர் விழிப்பாக இருக்க வேண்டியது எடையில். நம் பாத்திரத்தைத் தராசில் வைத்தவுடன் அதன் வெற்றெடையைக் கழித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்; அதன் பிறகே பொருள் விழ வேண்டும். மின்தராசுக்கு ஆண்டுதோறும் எடையளவுத் துறையின் முத்திரை உண்டு. அது நடப்பு ஆண்டின் முத்திரைதானா என்று பார்ப்பதும் வாங்குவோரின் உரிமை.

கழுவும் வேலையையும் மறக்கலாகாது. ஹனூர்ப் பக்கம் மழை மிகுந்த நாடன்று. ஒவ்வொரு கடையும் தனித்தனியே புட்டி கழுவினால் நீர் வீணாகும். சுத்தமும் ஒரு சீராக இராது. ஒரு வட்டத்துக்கு ஒரு கழுவுமிடம் இருந்து, அங்கே ஒரு முறை பயன்பட்ட நீரை வடிகட்டி முதற்கழுவலுக்கு மீண்டும் பயன்படுத்தினால் செலவு குறையும். கொள்ளேகாலுக்கும் மலைக்கும் இடையே நாள்தோறும் சரக்கு வண்டிகள் ஏறி இறங்குகின்றன. நிறைந்த சரக்கோடு ஏறி, வெறும் வண்டியாக இறங்கும் வாகனத்தில் காலிப் பாத்திரங்கள் வந்தால், அவற்றுக்கென்று தனி வண்டி விட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பிற மாநிலங்களில் பிழைப்பு நடத்தும் நமக்கு அதுவே முதன்மையானது. முன்பணம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஊர் ஊராக வேலை தேடிச் செல்பவருக்கு அது முடங்கிப்போகும் பணமாகவும் ஆகலாம். ஹனூரில் வாங்கிய புட்டியை மைசூரிலும் பெங்களூரிலும் சேலத்திலும் கொடுக்க முடியாதென்றால், பெட்டியைக் கட்டும் நாளில் அந்தப் புட்டிகள் குப்பைக்கே போகும், முன்பணமும் போகும். மாதம் ஓர் ஊரில் இருக்கும் கட்டடத் தொழிலாளிக்கு அது சிறிய நஷ்டம் அன்று.

இதற்கும் நம் நாட்டில் வழி கண்டிருக்கிறார்கள். எரிவாயு இணைப்பு உள்ளவர் ஊர் மாறும்போது உருளையை ஒப்படைத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, புதிய ஊரில் மீண்டும் இணைப்புப் பெறலாம். முகவரிச் சான்று காட்ட இயலாதவருக்காக 2013 இல் ஐந்து கிலோ உருளையின் விற்பனை தொடங்கியது. 2019 இல் சில மாநிலங்களில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" என்னும் திட்டம், 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களிலும் பரவியது. அதன்படி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை பெற்றவர் வேறு மாநிலத்திலும் தம் அரிசியையோ கோதுமையையோ வாங்கிக்கொள்ளலாம். மனிதர் எங்குச் சென்றாலும் அவருடைய உணவு உரிமை உடன் செல்லும் என்று ஏற்றுக்கொண்ட நாட்டில், அவருடைய காலிப் புட்டியின் பத்து ரூபாயும் உடன் செல்ல வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

ஆகவே வருங்காலப் பேரங்காடியை மதிப்பிட நம் கையில் சில கேள்விகள் இருக்கட்டும். சிறிய தொகைக்கு வாங்குபவர் அங்கே மதிக்கப்படுகிறாரா? எடை தெரிய நிறுக்கப்படுகிறதா? பொருளின் பெயரும் நாளும் கண்ணுக்குப் படுகின்றனவா? கழுவியது யார், சோதித்தது யார் என்று கேட்டால் விடை கிடைக்கிறதா? பாத்திரத்தை எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்க முடிகிறதா? இவ்வைந்துக்கும் "ஆம்" என்று சொல்லும் கடை, கண்ணாடிச் சுவரும் இயந்திரக் குழாயும் இல்லாத சிறிய மளிகைக் கடையாக இருந்தாலும், அதுவே வருங்காலத்தின் கடை. அத்தகைய கடை தோன்றும் வரை, நாம் வாழும் ஊரில் திரும்பக் கொடுக்கக்கூடியவற்றைத் தவறாமல் திரும்பக் கொடுப்போம். சோப்புத் திரவத்தை அளந்து தருவீர்களா என்று பழகிய கடைக்காரரைக் கேட்போம். ஒருவர் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு தெருவே கேட்டால் கொள்கலம் ஒன்றை வாங்கி வைப்பார். வணிகர் எங்கும் வாங்குவோரின் சொல்லுக்கே செவி சாய்ப்பவர்.